அப்பாவுக்குக் குடும்பப் பெயரே இல்லை, குழந்தை ஜெர்மனியில் பிறக்கப்போகிறது: எந்தப் பெயரைப் பதிவது?

நெக்கர்கரை கேட்டது:

வணக்கம். ஷ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். நான் ப்ளூ கார்டில், அதாவது படித்தவர்களுக்கான வேலை அனுமதியில், வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது, மனைவி பிறகு வந்து இங்கேயே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இப்போது 30ஆவது வாரம், தலைப்பிரசவம். மருத்துவமனையில் பதிவு செய்யப் போனபோது ஒரு தாளைக் கொடுத்தார்கள். குழந்தை பிறந்ததும் ஸ்டாண்டசாம்ட்டுக்கு, அதாவது பிறப்பு இறப்பு கல்யாணம் எல்லாம் பதிகிற அலுவலகத்துக்கு, அனுப்ப வேண்டிய ஆவணங்களின் பட்டியல் அது. பாஸ்போர்ட், இருவரின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. அதுவரைக்கும் சரி. அதற்குக் கீழே 'குழந்தையின் குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அங்கேதான் வண்டி நின்றுவிட்டது.

எனக்கு பாஸ்போர்ட்டில் ஒரே பெயர். செந்தில்குமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்நேம் கட்டம் காலி. பள்ளிக்கூடத்தில் ம. செந்தில்குமார், அந்த 'ம' என் அப்பா மயில்சாமி, அவர் பாஸ்போர்ட்டுக்குள் வரவே இல்லை. இங்கே ரெசிடென்ஸ் கார்டில் குடும்பப் பெயர் இடத்தில் செந்தில்குமார் என்று போட்டு, முதல் பெயர் இடத்தில் கோடு இழுத்துவிட்டார்கள். வங்கியில் ஒரு மாதிரி, காப்பீட்டு அட்டையில் இன்னொரு மாதிரி. மனைவிக்கு கிவன் நேம் கவிதா, சர்நேம் முருகேசன், அது என் மாமனார் பெயர்.

ஸ்டாண்டசாம்ட்டுக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மா பொறுமையாகத்தான் பேசினார். அப்பா பெயரா, அம்மா பெயரா என்று கேட்டார். அப்பா பெயர் என்றேன். உங்களுக்குக் குடும்பப் பெயர் இருப்பதாக உங்கள் பாஸ்போர்ட் சொல்லவில்லையே என்றார். அப்படியென்றால் அம்மாவின் பெயரான முருகேசனைப் போட்டுவிடலாமா, அதில் சிக்கலே இல்லை என்றார். அவருக்குச் சிக்கல் இல்லை. ஊரில் என் அப்பா இதைக் கேட்டதிலிருந்து போனில் பேச்சைக் குறைத்துக்கொண்டார், மாமனார் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை ஆனால் அவருடைய உற்சாகம் குரலிலேயே தெரிகிறது. நடுவில் சித்தப்பா ஒருவர், பேசாமல் நம் சாதிப் பெயரைப் போட்டுவிடு, வடக்கே எல்லாரும் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள் என்கிறார். அது நடக்காது, அவரிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு சிக்கல். மனைவியின் பிறப்புச் சான்றிதழில் அவர் பெயரே இல்லை. 'பெண் குழந்தை', தேதி, அப்பா அம்மா பெயர், அவ்வளவுதான். திருமணச் சான்றிதழில் என் பெயரை 'செந்தில் குமார்' என்று நடுவில் இடம் விட்டு ஆங்கிலத்தில் தட்டியிருக்கிறார்கள், பாஸ்போர்ட்டில் சேர்ந்து இருக்கிறது.

இணையத்தில் தேடினால் ஒருவர் இந்தியச் சட்டம்தான் பொருந்தும் என்கிறார், இன்னொருவர் ஜெர்மன் சட்டம்தான் என்கிறார். அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் ஆவணம் செல்லுவதற்கான முத்திரை, வாங்கினால் போதும் என்று ஒருவர், அது செல்லாது என்று ஒருவர். இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

இசார்_அம்மா:

எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் மியூனிக்கில் பிறந்தவை. என் கணவருக்கும் உங்களைப் போல ஒற்றைப் பெயர்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சட்டக் குழப்பம். இரண்டு பேர் சொன்னதும் சரி, ஆனால் வேறு வேறு காலத்துக்கு. 2025 மே 1 வரைக்கும் ஒருவருடைய பெயருக்கு அவர் எந்த நாட்டுக் குடிமகனோ அந்த நாட்டுச் சட்டம் என்று இருந்தது, அதனால் நம் குழந்தைகளுக்கு இந்தியச் சட்டம். அந்தத் தேதியிலிருந்து எங்கே வசிக்கிறோமோ அந்த நாட்டுச் சட்டம் என்று மாற்றிவிட்டார்கள். இப்போது நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஜெர்மன் சட்டம். வேண்டுமானால் எங்கள் நாட்டுச் சட்டப்படி வைக்கிறோம் என்று ஸ்டாண்டசாம்ட்டில் எழுதிக் கொடுக்கலாம், அந்த உரிமை இருக்கிறது. ஆகவே 2025க்கு முந்தைய பதிவுகளைப் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள், எங்கள் மூத்தவளுக்கு நாங்கள் செய்ததைக்கூட நான் இப்போது உங்களுக்குச் சொல்ல முடியாது.

ஜெர்மன் சட்டம் என்றால் குழந்தைக்குக் குடும்பப் பெயர் கட்டாயம் வேண்டும், அது பெற்றோரில் ஒருவருடைய பெயராகவோ, இப்போதைய சட்டப்படி இருவர் பெயரையும் சேர்த்தோ இருக்கலாம். தாத்தா பெயர், ஊர்ப் பெயர், சித்தப்பா சொன்ன பெயர் எதையும் புதிதாகக் கொண்டுவர முடியாது. எனவே அவருக்கு நீங்கள் கொள்கை விளக்கம் எல்லாம் தர வேண்டாம், சட்டம் இடம் தரவில்லை என்று முடித்துவிடுங்கள். (1929இல் செங்கல்பட்டு மாநாட்டில் தீர்மானம் போட்டு விட்டெறிந்ததை 2026இல் ஒரு ஜெர்மன் விண்ணப்பத்துக்காகப் பொறுக்கிக்கொண்டு வருவதா? எனக்கும் கோபம் வருகிறது.)

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் குழந்தைக்கு ஜெர்மன் சட்டப்படி எந்தக் குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதுவே உங்களுக்கு அடுத்துப் பிறக்கும் பிள்ளைகளுக்கும். மூத்ததற்கு மாமனார், இளையதற்கு அப்பா என்று பஞ்சாயத்து பேசி முடிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அது நடக்காது.

என் யோசனை, குழந்தையின் குடும்பப் பெயராக உங்கள் பெயரையே, செந்தில்குமார் என்பதையே கேளுங்கள். அதுதானே நம் வழக்கமும்? ஊரில் பிறந்திருந்தால் செ. போட்டு எழுதியிருப்பீர்கள். அந்த அம்மாவிடம் போனில் பேசாதீர்கள், மின்னஞ்சல் எழுதுங்கள். உங்கள் ரெசிடென்ஸ் கார்டின் நகலை இணையுங்கள், அதில் குடும்பப் பெயர் இடத்தில் இதுதான் இருக்கிறது, தமிழ்நாட்டில் பரம்பரைக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தையின் பெயர்தான் பிள்ளையின் பெயரோடு வரும், அதன்படி இந்தப் பெயரைக் கேட்கிறோம், ஜெர்மன் சட்டப்படி முடியாது என்றால் இந்தியச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறோம் என்று எழுதுங்கள். எழுத்தில் போனால் அவர்கள் மேலதிகாரியையோ சட்டப் புத்தகத்தையோ பார்த்துவிட்டு எழுத்தில் பதில் தருவார்கள். போனில் கேட்டால் அந்த நிமிடத்தில் எது சுலபமோ அதைத்தான் சொல்வார்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, வாரத்துக்கு ஒரு தமிழன் வருகிற ஊரா அது.

உங்கள் பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து மறுபடி வாங்கலாமே என்று யாராவது சொன்னால் இப்போது கேட்காதீர்கள். பாஸ்போர்ட் மாறினால் ப்ளூ கார்டு, வங்கி, சம்பளம், பட்டச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து இழுக்க வேண்டும், பத்து வாரத்தில் முடிகிற காரியமில்லை.

ரூர்_மணி:

இவ்வளவு பயப்பட வேண்டாம் நண்பரே. எங்களுக்கு எசெனில் மருத்துவமனையே எல்லாத் தாளையும் வாங்கி அனுப்பியது, மனைவி வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் சான்றிதழ் தபாலில் வந்துவிட்டது. யாரும் எதையும் சரிபார்க்கவில்லை. அதிகாரியைப் பொறுத்தது.

இசார்_அம்மா:

மணி, உங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட்டில் சர்நேம் இருந்திருக்கும், பிறப்புச் சான்றிதழில் பெயரும் இருந்திருக்கும். அப்படி இருப்பவர்கள் இங்கே கேள்வியே கேட்பதில்லை :)

பழைய_வன்னியன்:

தம்பி, நான் ஈழத்தவன், 1980களில் அகதியாக வந்து இங்கேயே தங்கிவிட்டேன். நீதிமன்றத்தில் சத்தியம் செய்த தமிழ் - ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர். உங்கடை தாள்களைப் போல நிறையப் பார்த்திருக்கிறேன். ஆவணங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்போஸ்டில் விஷயம் இப்படி. இந்தியா 2005இல் அந்த முத்திரைக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தது, ஆனால் இந்தியா சேருவதை ஜெர்மனி ஆட்சேபித்தது, அதனால் இரண்டு நாட்டுக்கும் நடுவில் அது வேலை செய்யாது. அப்போஸ்டில் முத்திரை குத்தின இந்தியச் சான்றிதழ் பிரான்சில் செல்லும், இங்கே அந்த முத்திரைக்குத் தனி மதிப்பில்லை. சென்னையில் ஏஜென்டுக்குக் காசு கொடுத்து வாங்கிவிட்டு என்னிடம் வருபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அதற்குப் பதில் இங்குள்ள அலுவலகம் சந்தேகப்பட்டால் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு எழுதி, ஆவணம் உண்மைதானா என்று விசாரிக்கச் சொல்லலாம். இதை நீங்களாகப் போய்க் கேட்க முடியாது, ஜெர்மன் அலுவலகம்தான் கேட்க வேண்டும், செலவு மட்டும் உங்கள் தலையில். தூதரகம் நம்பகமான ஒரு வழக்கறிஞரை வைத்து விசாரிக்கும். ஆள் உங்கள் ஊருக்கே போய்ப் பதிவேட்டைப் பார்ப்பார், பள்ளிக்கூடத்தில் கேட்பார், பக்கத்து வீட்டிலும் கேட்பார். மாதக்கணக்கில் எடுக்கும். அப்படி நடக்கும் என்று தெரிந்தால் முதலே வீட்டுக்குச் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் யாரோ வக்கீல் வந்து மகனைப் பற்றி விசாரிக்கிறான் என்று ஊரே கலங்கிப்போகும். ஆனால் ஒவ்வொரு பிறப்புக்கும் இதைக் கேட்பதில்லை, ரூர்_மணி சொன்னது போல அலுவலகத்துக்கு அலுவலகம் வித்தியாசம்.

அந்த விசாரணை முடியும் வரை குழந்தைக்குத் தாளே இல்லாமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். பிறப்பை ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், அதை மருத்துவமனை செய்யும். ஆவணம் போதவில்லை என்றால் பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகப் பிறப்புப் பதிவேட்டின் அத்தாட்சிப் பிரதி ஒன்று தருவார்கள், ரெகிஸ்டர் அவுஸ்ட்ருக் என்பார்கள். பெற்றோரின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்று அதில் ஒரு வரி இருக்கும். வாசிக்க மனம் நோகும், ஆனால் சட்டப்படி அது பிறப்பை நிரூபிக்கிற தாள்தான், கிண்டர்கெல்ட் என்கிற குழந்தை உதவித்தொகைக்கும் எல்டர்ன்கெல்ட் என்கிற பெற்றோர் விடுப்புத் தொகைக்கும் அதை வைத்தே விண்ணப்பிக்கலாம். பிறகு ஆவணம் வந்ததும் பதிவைத் திருத்திச் சரியான சான்றிதழ் தருவார்கள். அது கையில் இருக்கும்போது, முறையான சான்றிதழ் வேண்டும் என்று யாராவது திருப்பி அனுப்பினால், இந்தப் பிரதியை ஏற்கச் சட்டத்தில் என்ன தடை என்று எழுத்தில் கேளுங்கள்.

மனைவியின் சான்றிதழில் பெயர் இல்லாததுதான் உண்மையில் நீங்கள் இன்றைக்கே பார்க்க வேண்டிய வேலை. பிறந்து 15 வருடத்துக்குள் பெயர் சேர்க்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி, ஆனால் அரசு அவ்வப்போது கால அவகாசத்தை நீட்டித்திருக்கிறது. அவர் பிறந்த ஊர் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ மாமனாரைப் போய் இப்போது வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள், பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போகட்டும். இருந்தால் பெயர் சேர்த்து, கியூஆர் கோடு போட்ட புதுப் பிரதியை எடுக்கட்டும், அதை இங்கிருந்தே இணையத்தில் சரிபார்க்கலாம், அதிகாரிகளுக்கு அது பிடிக்கும். இல்லாவிட்டால் பெயரில்லாத சான்றிதழோடு பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட நோட்டரி உறுதிமொழியையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ஏற்பதும் ஏற்காததும் அலுவலகத்தின் கையில்.

செந்தில் குமார் என்று இடம் விட்டதற்குப் பெரிய வைத்தியம் வேண்டாம். மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது பாஸ்போர்ட் பிரதியும் சேர்த்துக் கொடுங்கள், மொழிபெயர்ப்பாளர் அடிக்குறிப்பில் பாஸ்போர்ட்டில் இப்படி இருக்கிறது என்று எழுதுவார். உங்கள் சான்றிதழ்கள் தமிழும் ஆங்கிலமுமாக இருந்தால் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்களும் செய்வார்கள், தமிழுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று காத்திருக்க வேண்டாம். மாநில நீதித் துறைகள் சேர்ந்து நடத்துகிற மொழிபெயர்ப்பாளர் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, அதில் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். சென்னையில் மலிவாகச் செய்துகொண்டு வருவதைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை.

பெயரைப் பற்றி ஒன்று. எங்கள் பிள்ளைகளுக்கு என் பெயர்தான் குடும்பப் பெயர், மனைவிக்கு அவரது அப்பாவின் பெயர், எனக்கு என் அப்பாவின் பெயர். வீட்டு மணிக்குப் பக்கத்தில் மூன்று பெயர் ஒட்டியிருக்கும், தபால்காரர் முதலில் இது வாடகைக்கு அறை விடுகிற இடம் என்று நினைத்தார். இப்போது பேரப்பிள்ளைக்கும் என் பெயர்தான் குடும்பப் பெயர். மகனின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கிறது.

நெக்கர்கரை:

அய்யா, அக்கா, மிகவும் நன்றி. மின்னஞ்சல் எழுதிவிட்டேன், நகலும் இணைத்தேன். மாமனார் நாளைக்கே நகராட்சிக்குப் போகிறாராம், தன் பெயர் அடிபடுகிறது என்று தெரியாமலே ஓடுகிறார், பாவம்.

அடுத்த கேள்வி. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனதும் ஊருக்குக் கூட்டிப்போய் முடி இறக்கலாம் என்று வீட்டில் நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குள் குழந்தைக்கு பாஸ்போர்ட், இங்கே ரெசிடென்ஸ் கார்டு எல்லாம் முடியுமா? இதில் எதை முதலில் செய்வது? பணம் சம்பந்தப்பட்டது எதையும் விட்டுவிடக் கூடாது. அப்புறம், என் அம்மாவும் மாமியாரும் வரத் தயாராக இருக்கிறார்கள், விசா பற்றியும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

ஸ்ப்ரீ_சேலம்:

பெர்லினிலிருந்து எழுதுகிறேன். உங்கள் மாநிலத்துக்கு இந்தியத் துணைத் தூதரகம் மியூனிக், ஆனால் முறை ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் தலை பிறப்புச் சான்றிதழ். கிண்டர்கெல்ட்டுக்கு, எல்டர்ன்கெல்ட்டுக்கு, காப்பீட்டுக்கு என்று நோக்கம் எழுதிய பிரதிகளை இலவசமாகத் தருவார்கள், அவற்றை வேறெதற்கும் பயன்படுத்த முடியாது. காசு கொடுத்துப் பன்மொழிப் பிரதி குறைந்தது இரண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஆங்கிலமும் இருக்கும், இந்தியத் தூதரகத்துக்கு மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

நீங்கள் வந்து மூன்று வருடம்தான் என்பதால் குழந்தைக்குப் பிறப்பால் ஜெர்மன் குடியுரிமை வராது. (படிக்கிற மற்றவர்களுக்கு: பெற்றோரில் ஒருவர் ஐந்து வருடம் சட்டப்படி இங்கே வசித்து, நிரந்தர வதிவிட உரிமையும் வைத்திருந்தால் குழந்தை ஜெர்மன் குடிமகன். 2024 ஜூன் வரை அது எட்டு வருடமாக இருந்தது. அப்படியானால் ஜெர்மன் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருகிற ஓசிஐ அட்டையும் என்று பாதையே வேறு.) உங்கள் குழந்தை இந்தியக் குடிமகன் ஆக வேண்டுமென்றால், வெளிநாட்டில் பிறந்ததால் பிறந்து ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று உறுதிமொழியும் தர வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் டெல்லியில் உள்துறை அமைச்சகத்தின் அனுமதிக்கு அலைய வேண்டிவரும். இந்தப் பதிவையும் பாஸ்போர்ட் விண்ணப்பத்தையும் ஒன்றாகவே கொடுத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் குழந்தையின் கைநாட்டு வேண்டும். தூங்கும்போது வையுங்கள், விழித்திருந்தால் அந்த மை அடுத்த நொடி வாய்க்குள் போய்விடும். போட்டோவுக்கு மட்டும் கண் திறந்திருக்க வேண்டும், அதனால் இரண்டையும் ஒரே வேளையில் செய்ய நினைக்காதீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் மனைவி பெயரும் அவருடையதில் உங்கள் பெயரும் ஏறாமல் இருந்தால் திருமணச் சான்றிதழைக் கையோடு வையுங்கள். கிவன் நேம், சர்நேம் இரண்டும் ஜெர்மன் சான்றிதழில் உள்ளது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும், இங்கே 'தாத்தா ஆசைக்கு' என்று ஓர் இனிஷியல் சேர்த்தீர்களோ, பிறகு இரண்டு நாட்டு ஆவணமும் ஒத்துப்போகாமல் குழந்தை வளர்ந்த பிறகும் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

பாஸ்போர்ட் வந்த பிறகு அவுஸ்லெண்டர்பெஹோர்டேயில், அதாவது வெளிநாட்டவர் அலுவலகத்தில், வதிவிட அனுமதி. இங்கே பிறந்த குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் வரவில்லை என்று சும்மா இருக்காதீர்கள், சான்றிதழை வைத்து முதலில் மின்னஞ்சலில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். கார்டு வரும் வரை நம்மவர்கள் ஃபிக்‌ஷன் என்று சொல்கிற தற்காலிகத் தாள் தரலாம். அதை வாங்கிய உடனே டிக்கெட் போட்டுவிடாதீர்கள். வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் எந்த உட்பிரிவுக்கு எதிரே குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான்காவது உட்பிரிவு என்றால் வெளியே போய்த் திரும்பி வரலாம். மூன்றாவது என்றால் இங்கே இருக்கத்தான் அது செல்லும், திரும்பி வர அதை நம்ப முடியாது, முதல் முறை விண்ணப்பிக்கிற குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூன்றாவதுதான் வரும். திரும்பி வரும்போது சென்னை விமான நிலையத்தில் உங்களை ஏற்றிவிட்டுக் குழந்தையை ஏற்ற மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள்? ஆகவே நான்கு மாதம் என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். கார்டு கையில் வந்த பிறகு நாள் பாருங்கள், சாமி கோபிக்காது. ஒன்பதாம் மாதம் இறக்கினால் என்ன, முடி கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

பணம். கிண்டர்கெல்ட் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 259 யூரோ, ஃபமிலியன்காஸ என்கிற அரசு அலுவலகம் தருகிறது. தாமதமாக விண்ணப்பித்தால் ஆறு மாதம் மட்டுமே பின்தேதியிட்டுக் கிடைக்கும். குழந்தையின் வரி எண் கேட்பார்கள், அது தானாகத் தபாலில் வரும், தபால்பெட்டியில் உங்கள் பெயர், மனைவி பெயர், குழந்தையின் பெயர் மூன்றையும் ஒட்டி வையுங்கள், வன்னியன் அய்யா வீட்டு மணி போலத்தான். பெயர் இல்லாத பெட்டியில் இங்கே தபால் போட மாட்டார்கள்.

எல்டர்ன்கெல்ட் உங்கள் மாநிலத்தில் எல்-பாங்க் என்கிற மாநில வங்கி வழியாக. முந்தைய நிகரச் சம்பளத்தில் சுமார் 65 சதவீதம், குறைந்தது 300, அதிகபட்சம் 1800 யூரோ. பின்தேதி மூன்று மாதம் மட்டும்தான், எனவே இதற்குத்தான் அவசரம். விண்ணப்பத்தை இப்போதே பூர்த்தி செய்து, இருவருடைய சம்பளச் சீட்டுகளையும் அடுக்கி வைத்துவிடுங்கள், குழந்தை பிறந்த பிறகு அந்தத் தாள்களைப் படிக்கிற தெம்பு யாருக்கும் இருக்காது. இருவரும் எடுத்தால் மொத்தம் 14 மாதம், ஒருவர் மட்டும் என்றால் 12. அந்த இரண்டு மாதத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் 2024 ஏப்ரலிலிருந்து இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்து வாங்குவது பொதுவாக முதல் வருடத்துக்குள் ஒரு மாதம் மட்டுமே, அதைக் கணக்கில் வைத்து உங்கள் மேலாளரிடம் பேசுங்கள். இரட்டையர் என்றால் விதி தளரும், ஸ்கேனில் ஒன்றுதானே?

குழந்தையின் மருத்துவக் காப்பீடு, நீங்கள் அரசுக் காப்பீட்டில் இருந்தால் கட்டணமில்லாமல் உங்களோடு சேர்ந்துவிடும். ஒரு படிவம், ஒரு கையெழுத்து. இந்த நாட்டில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

மைன்_மதுரை:

அம்மாக்கள் வருவதைப் பற்றி நான் சொல்கிறேன். ஷெங்கன் விசாவில், அதாவது ஐரோப்பாவுக்கான குறுகிய கால விசாவில், எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் இருக்கலாம். எனவே இருவரையும் ஒரே நேரத்தில் வரவழைக்காதீர்கள். முதல் மூன்று மாதம் மாமியார், அடுத்த மூன்று மாதம் உங்கள் அம்மா என்று வைத்தால் ஆறு மாதம் ஓடும். விசா ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு கட்டாயம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே சமையலறையில் இருப்பதைத் தவிர்க்கவும் இந்த ஏற்பாடு உதவும், இதற்கு மேல் விளக்க மாட்டேன்.

அவர்கள் கணக்கில் போதிய பணம் காட்ட முடியாவிட்டால் நீங்கள் இங்கே அவுஸ்லெண்டர்பெஹோர்டேயில் பொறுப்பேற்புப் பத்திரம் போட வேண்டும், ஆளுக்கு 29 யூரோ. அதில் கையெழுத்துப் போட்டால் அவர்களுடைய செலவு எல்லாம், மருத்துவச் செலவு உட்பட, உங்கள் பொறுப்பு. எனவே காப்பீட்டை மலிவாகப் பார்த்து வாங்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கனவே இருக்கிற நோய்க்கு எது வரை தருவார்கள் என்று படித்துப் பாருங்கள், மாத்திரைகளை மூன்று மாதத்துக்கும் மருத்துவர் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். நேர்காணலில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால் பேரக்குழந்தையைப் பார்க்க என்று சொல்லட்டும். சமைக்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று விளக்க ஆரம்பித்தால் அது வேலைக்குப் போவது போல் ஒலிக்கும்.

பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரசவ லேகியத்துக்கு ஒரு கிலோ நெய் கட்டாயம் வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது, நெய்யும் பால்கோவாவும் அதில் சேர்த்தி. பிடித்தால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். நெய் இங்கே எந்த இந்தியக் கடையிலும், துருக்கிக் கடையிலும் இருக்கிறது, லேகியத்தை நெய் ஊற்றாமல் பொடியாகக் கொண்டுவந்து இங்கே கிண்டட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் வரக் கூடாது. வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அந்தச் சான்றிதழ் கேட்பதில்லை. கருவாட்டுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி! பிள்ளை பெற்றவளுக்குக் கருவாடு நல்லது என்று உங்கள் அம்மா சொன்னால் சட்டம் அவர் பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் இருக்காது, வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

நெக்கர்கரை:

ஸ்டாண்டசாம்ட்டிலிருந்து பதில் வந்துவிட்டது. ரெசிடென்ஸ் கார்டில் உள்ளபடி செந்தில்குமாரைக் குடும்பப் பெயராக ஏற்கலாம், இருவரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், மனைவியின் சான்றிதழுக்கு மட்டும் கூடுதல் ஆவணம் கேட்போம் என்று எழுதியிருக்கிறார்கள். அப்பாவிடம் இன்று சொன்னேன். 'அப்போ என் பேரு?' என்றார். மயில்சாமியை இரண்டாவது முதல் பெயராக வைக்கலாமா என்று மனைவி கேட்கிறார், பெண் குழந்தை என்றால் என்ன செய்வது என்று நான் கேட்கிறேன். மொட்டைக்கு நாள் பார்ப்பதைத் தள்ளிவைத்தாயிற்று.

இசார்_அம்மா:

பெண் குழந்தைக்கு மயில் மட்டும் வைத்துவிடுங்கள், நன்றாகத்தான் இருக்கும். அது போகட்டும், ஹெபாம பார்த்தாயிற்றா? பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து குழந்தை எடை, தொப்புள், பால் கொடுப்பது எல்லாம் பார்க்கிற மருத்துவச்சி, 12 வாரம் வரை வருவார், செலவு காப்பீட்டுடையது. இங்கே பலர் கருத்தரித்த உடனேயே தேட ஆரம்பிக்கிறார்கள், 30ஆவது வாரத்தில் கிடைப்பது கடினம்தான். பிரசவம் பார்க்கிற மருத்துவமனையிலேயே பட்டியல் இருக்கும், கேளுங்கள், பக்கத்து ஊர்க்காரர்களையும் கூப்பிடுங்கள். குழந்தை மருத்துவரும் அப்படித்தான், நான்காவது அல்லது ஐந்தாவது வாரத்தில் வருகிற யூ3 பரிசோதனைக்கு யார் பார்ப்பார் என்று இப்போதே பேசி வைத்துவிடுங்கள், புது நோயாளிகளை எடுப்பதில்லை என்று சொல்கிற இடங்கள்தான் அதிகம். ஸ்டாண்டசாம்ட் காத்திருக்கும், இவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.